காரா, ஆனவண்டியா, ரயிலா: களியக்காவிளை தாண்டிப் போய் வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் பதினேழு வருடமாக வண்டி இன்ஷூரன்ஸ் எழுதிக் கொடுக்கிறேன். பாலிசி புதுப்பிக்க வருகிறவர் கையெழுத்துப் போட்டதும் எழுந்து போகமாட்டார். "ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிப்பார். தமிழ்நாடு – கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்கு வேலைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் வருகிறவர் என்றால் சந்தேகம் ஒன்றேதான்: கார் வேண்டுமா, பஸ்ஸும் ரயிலும் போதுமா? சொன்னதையே சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன். நீங்கள் கார் வாங்கினால் எனக்குக் கமிஷன் உண்டு. அதை மனதில் வைத்தே படியுங்கள். என்னிடம் இருந்த காரை 2019-ல் விற்றேன். அதையும் மனதில் வையுங்கள்.

சார், சுத்தி வளைக்காம சொல்லுங்க. கார் வாங்கலாமா, வேண்டாமா?

நான் திருப்பிக் கேட்கும் கேள்வி இது: ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் எல்லை தாண்டி வீடு திரும்ப வேண்டிய நாள் உங்களுக்கு மாதத்தில் எத்தனை? நம் பக்கத்தில் பகலில் வண்டிக்குப் பஞ்சமில்லை. இருட்டிய பிறகு கடைசி வண்டி போய்விடுமோ என்ற பயம்தான் பாதிப் பேரைக் கார் ஷோரூமுக்குத் துரத்துகிறது.

மூன்று நான்கு இரவுக்குக் கீழே என்றால் வேண்டாம். அதற்கு மேலே என்றால் யோசிக்கலாம். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

ஈ.எம்.ஐ. பத்தாயிரம்தானே வருது. அது என்னால கட்ட முடியும். வேற என்ன செலவு?

ஈ.எம்.ஐ. என்பது பேங்கின் கணக்கு. உங்கள் கணக்கு வேறு. 7 லட்சம் ரூபாய் கார் என்று வைப்போம். தமிழ்நாட்டில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதாவது 91,000 ரூபாய். 5 லட்சம் கடன், 9 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை 10,380 வரும். வட்டி மட்டும் மொத்தம் 1,23,000-க்குப் பக்கம். இனி தேய்மானம். எங்கள் இன்ஷூரன்ஸ் அட்டவணைப்படி ஒரு காரின் மதிப்பு முதல் ஆறு மாதத்துக்கு 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டாம் வருடம் 20, பிறகு 30, 40, ஐந்தாம் வருடம் 50 சதவீதம் குறைத்துத்தான் போடப்படும். நல்ல பெயருள்ள வண்டி சந்தையில் கொஞ்சம் கூடப் போகும். ஆனாலும் கணக்குக்குப் பாதி என்றே வைக்கலாம். 3.5 லட்சம் போச்சு.

மூன்றையும் கூட்டி 60 மாதத்துக்குப் பிரித்தால், வண்டி போர்ட்டிகோவில் சும்மா நின்றாலும் மாதம் 9,400 ரூபாய். இன்ஷூரன்ஸைச் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தாண்டும். ராத்திரி நேரத்து வாடகைக் காருக்குப் போக வர 3,000 என்று தாராளமாகவே வையுங்கள். மூன்று நான்கு இரவு என்று மேலே சொன்னது இதைத்தான்.

தினமும் ஓட்டினால் இது ஆரம்பம் மட்டுமே. மார்த்தாண்டத்திலிருந்து திருவனந்தபுரம் தம்பானூருக்குப் போக வர 80 கிலோமீட்டர், மாதம் 24 நாள், லிட்டருக்கு 15 கிடைக்கிறது என்றால் 128 லிட்டர். 100 ரூபாய் என்று வைத்தாலே 12,800. வருடத்துக்கு 23,000 கிலோமீட்டர் ஓடுகிற வண்டிக்கு இரண்டு வருடம் முடியும் முன்னே நாலு டயர் மாற்ற வேண்டிவரும். அதை ஷோரூமில் யாரும் சொல்வதில்லை. சொன்னால் வண்டி நகராது.

இப்ப ஜி.எஸ்.டி. குறைஞ்சு போச்சே, இனிமே லாபம்தானே?

2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு வரி 18 சதவீதமாகியது உண்மை. வாங்குகிறவருக்கு நல்லது. ஆனால் புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் கூடவே இறங்கும். ஏற்கெனவே கார் வைத்திருக்கிறவர் அதை விற்றுப் புதிது வாங்க நினைத்தால், இடது கையில் வந்தது வலது கையில் போகும்.

பஸ்ஸிலயும் ரயில்லயும் போனா மாசம் எவ்வளவு வரும்?

ரயில்தான் மலிவு. பாசஞ்சரில் குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், எக்ஸ்பிரஸில் 30. மாத சீசன் எடுத்தால் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஒரு நாள் பெட்ரோல் காசு. 150 கிலோமீட்டர் வரை சீசன் தருவார்கள், மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மேலும் குறையும். போனிலேயே எடுக்கலாம், குழித்துறை ஸ்டேஷன் கவுண்டரில் வரிசையில் நிற்க வேண்டியதில்லை.

பஸ் அதைவிடக் கூடுதல். கேரள பஸ்ஸில் ஏறினாலே 2022 மே முதல் 10 ரூபாய். ஃபாஸ்ட், சூப்பர் ஃபாஸ்ட் என்றால் அதற்கு மேல். ஆனாலும் ரயிலைத் தவறவிட்டவனுக்கு அடுத்த ஆனவண்டி, அதாவது கேரள அரசு பஸ், வந்துகொண்டே இருக்கும். திருவிதாங்கூர் அரசு 1938-ல் பஸ் ஓட்ட ஆரம்பித்தபோது முதலில் எடுத்துக்கொண்ட தடங்களில் கன்னியாகுமரி ரோடும் ஒன்று. அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை.

சீசன் இருந்தா எல்லா வண்டியிலும் ஏறலாமா?

முடியாது. சூப்பர்ஃபாஸ்ட் என்றால் தனிக் கட்டணம் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். முன்பதிவுப் பெட்டியில் சீசன் செல்லாது. பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறி ரிசர்வேஷன் சீட்டில் உட்கார்ந்து டி.டி.ஆரிடம் "தினமும் வருகிறேன்" என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தினமும் வருகிறவர் என்பதால்தான் டி.டி.ஆர். அபராதம் எழுதுகிறார்.

ரயில் எப்பவும் லேட் ஆகுதே, ஆபீசுக்கு எப்படி நம்பிப் போறது?

1979-ல் திறந்த பாதை இது. நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் இடையே ஒற்றைத் தண்டவாளமாகப் போட்டார்கள். இரட்டைப் பாதை வேலை நடந்துகொண்டிருக்கிறது. ஒற்றைப் பாதையில் எதிரே ஒரு வண்டி வந்தால் நம்முடையது ஏதோ ஒரு ஸ்டேஷனில் ஒதுங்கி நிற்கும். பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ காரணமே தெரியாமல் நிற்பதற்குப் பெயர் கிராசிங். ஊர் தமிழ்நாடு, ரயில் கோட்டம் திருவனந்தபுரம். நமக்காக யார் சண்டை போடுவது என்பது தனிக் கதை.

நான் சொல்லும் வழி: காலையில் ரயில், சாயங்காலம் எது முதலில் வருகிறதோ அது. ஆபீசில் பத்து நிமிடம் பொறுக்கமாட்டார்கள் என்றால் உங்களுக்குத் தேவையான வண்டிக்கு முந்திய வண்டி. தூக்கம் போகும். காரில் போகிறவருக்கும் பாலராமபுரம் நெரிசலில் அதே தூக்கம்தான் போகிறது, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு.

வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கே நாலு கிலோமீட்டர். அதுக்கு என்ன செய்ய?

ஸ்கூட்டர். இந்தப் பக்கம் முழுவதும் இப்படித்தான் நடக்கிறது. ஸ்டேஷன் வாசலில் நிற்கும் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். மழைக்காலம்தான் சோதனை. நமக்கு ஜூனில் தொடங்கும் இடவப்பாதியும் உண்டு, ஐப்பசியில் வரும் துலாமழையும் உண்டு. வருடத்தில் இரண்டு தடவை நனையவேண்டும். சீட்டுக்கு அடியில் ரெயின்கோட்டும் ஒரு ஜோடி செருப்பும் போட்டு வையுங்கள். ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் நிற்பதில் வெட்கம் எதுவும் இல்லை, பக்கத்தில் நிற்கிறவரும் அப்படித்தான் நிற்பார்.

களியக்காவிளையில இறங்கி மாறணுமா? நேரா வண்டி இல்லையா?

இருக்கிறது. நாகர்கோவிலிலிருந்து இரண்டு மாநில பஸ்களும் நேராகத் தம்பானூர் போகின்றன. காலையில் அவை மார்த்தாண்டம் வரும்போதே நிரம்பியிருக்கும். களியக்காவிளையில் மாறினால் அங்கிருந்து புறப்படும் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். உட்கார்ந்து போவதற்காக வேண்டுமென்றே மாறுகிறவர்கள் நிறைய.

ஆட்டோ விஷயம் வேறு. நம் ஆட்டோவின் பெர்மிட் எல்லையோடு நின்றுவிடும். அந்தப் பக்கம் வேறு ஆட்டோ, வேறு கட்டணம்: 2022 மே உத்தரவுப்படி முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 15, ராத்திரி பத்து முதல் காலை ஐந்து வரை பாதி கூடுதல்.

எனக்கு மலையாளம் பேசத் தெரியும், வாசிக்கத் தெரியாது. போர்டு பாக்காம எப்படி ஏறுறது?

கண்டக்டரைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்; அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் நம்மிடம் தமிழில்தான் பதில் சொல்வார்கள். ஒன்றை மட்டும் தெளிவாகக் கேளுங்கள்: தம்பானூரா, கிழக்கேகோட்டையா? வெளியூர் வண்டிகளும் ரயில் ஸ்டேஷனும் தம்பானூரில். நகர பஸ்கள் பெரும்பாலும் கிழக்கேகோட்டையிலிருந்து. மாறி இறங்கினாலும் நடக்கிற தூரம்தான், ஆனால் கையில் ஸ்கேன் கவரும் கூட ஒரு நோயாளியும் இருந்தால் அந்தத் தூரம் நீளும்.

பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீதானே. எனக்க மகளுக்கு செலவே இல்லைன்னு வச்சுக்கலாமா?

பாதி சரி. 2021 மே முதல் தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. களியக்காவிளை வரை டவுன் பஸ்ஸில் போனால் பைசா இல்லை. திருவனந்தபுரம் போகும் வண்டி டவுன் பஸ் அல்ல. மார்த்தாண்டத்தில் ஏறி களியக்காவிளையில் இறங்கினாலும் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். கேரள பஸ்ஸில் இந்தச் சலுகை கிடையாது. போர்டில் மகளிர் கட்டணமில்லாப் பயணம் என்று இருக்கிறதா என்று பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

அம்மைக்கு ஆர்.சி.சி. கேன்சர் ஆஸ்பத்திரியில் ட்ரீட்மென்ட். மாசம் ரெண்டு தடவை போகணும். இதுக்காவது கார் வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் கணக்கை மேலே தூக்கி வைப்பதில்லை. கீமோ முடிந்த அம்மையைத் தம்பானூர் கூட்டத்தில் நிற்கவைக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் மாதம் இரண்டு தடவைக்குச் சொந்தக் கார் தேவையில்லை, நம்பிக்கையான வாடகைக் கார் போதும். ஓட்டுகிறவர் நீங்களாக இருந்தால் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் பார்க்கிங் தேடி அலைவதும் நீங்கள்தான். அந்த நேரத்தில் அம்மை ஓ.பி. வாசலில் தனியாக இருப்பார். ஸ்ரீசித்ரா ஆஸ்பத்திரியும் அதே வளாகம்தான். டிரைவர் இருந்தால் வாசலில் இறங்கிக் கூடவே உள்ளே போகலாம். இது என் சொந்த அனுபவம். அப்பாவுக்காக 2014-ல் கார் வாங்கினேன். அவரோடு நான் உள்ளே இருந்த நேரத்தைவிட வண்டியோடு வெளியே இருந்த நேரம் அதிகம்.

உடம்பு தாங்குகிற நிலையில் இருக்கிறவர்களுக்கு ரயிலில் சலுகை உண்டு. புற்றுநோய் சிகிச்சைக்குப் போய் வருகிறவருக்கும் உடன் போகிற ஒருவருக்கும் கட்டணம் குறையும். ஆஸ்பத்திரியில் அதற்கான சான்றிதழை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார்னா ராத்திரி கூப்பிட்டா வருவானா?

வராமலும் போவான். ஒரு தடவை இரவு பதினொன்றுக்கு வருகிறேன் என்றவர் போனை அணைத்துவிட்டார். மறுநாள் கேட்டால் "சார்ஜ் இல்லை." அதிலிருந்து ஒருவரை நம்பி இருப்பதில்லை, மூன்று பேர் நம்பர், மாதம் ஒரு தடவையாவது பகலில் ஒரு ஓட்டம் கொடுத்து உறவைக் காய விடாமல் வைத்திருக்கிறேன். பகலில் கூப்பிடாதவனை ராத்திரியில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

பக்கத்து வீட்டுக்காரர் கார் சும்மாதான் நிக்குது. பைசா குடுத்து எடுத்துட்டுப் போனா என்ன?

வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு ஓட்டினால், விபத்து நடந்த அன்றைக்குத்தான் அதன் விலை தெரியும். பாலிசி சொந்த உபயோகத்துக்கு எழுதியது. வாடகைக்குப் போனது என்று தெரிந்தால் வண்டிச் சேதத்துக்கான கிளெயிம் நிற்காது. சிநேகிதர்கள் சேர்ந்து போகும்போது பெட்ரோல் காசைப் பங்கு போடுவது வேறு. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது வேறு. அக்கம்பக்கத்துக்காரர் என்பதால் இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவார், நீங்களே கேட்காமல் இருப்பது நல்லது.

டெக்னோபார்க்கில் வேலை. ஷிஃப்ட் முடியவே ராத்திரி பன்னிரண்டு ஆகும்.

வாங்குங்கள். டெக்னோபார்க் இருக்கும் கழக்கூட்டத்திலிருந்து அந்த நேரத்தில் வீடு வந்து சேர வேறு வழி இல்லை. அல்லது அங்கேயே அறை எடுங்கள். அறை வாடகை, மாதக் கார்ச் செலவைவிடக் குறைவாக வந்தால் நான் அறையைத்தான் சொல்வேன். பைபாஸில் போனால் திருவல்லத்தில் டோல் உண்டு, அதையும் கணக்கில் சேருங்கள். பகல் ஷிஃப்டுக்கு மாறினால் இந்தப் பதில் செல்லாது: கழக்கூட்டத்திலேயே ரயில் ஸ்டேஷன் இருக்கிறது.

ஹர்த்தால் அன்னைக்கு கார் இருந்தா போயிடலாமே?

போகலாம் என்றுதான் கிளம்புவார்கள். ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் ஹர்த்தால் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்ன பிறகு திடீர் ஹர்த்தால் குறைந்திருக்கிறது. நடக்கிற அன்று நம் பஸ்கள் களியக்காவிளையோடு திரும்பும். ரயில் ஓடும். கண்ணாடி உடைந்தால் முழு பாலிசியில் கலவரச் சேதத்துக்குப் பணம் கிடைக்கும், மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. நான் அன்றைக்கு லீவு போடுவேன்.

இதைவிட அடிக்கடி சிக்குவது திருவிழாவில். ஆற்றுகால் பொங்கல் நாளில் நகருக்குள் கார் கொண்டுபோவது வீண். நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சுவாமி விக்கிரகங்கள் கிளம்பினால் குழித்துறை, நெய்யாற்றின்கரை வழியாகத்தான் போக வேண்டும். பின்னால் பஸ்ஸும் காரும் ஒரே வேகம்.

பெட்ரோல் எங்க அடிக்கணும்? கேமரா ஃபைன் நமக்கும் வருமா?

பெட்ரோல் இந்தப் பக்கம். கேரளத்தில் 2023 ஏப்ரல் முதல் லிட்டருக்கு 2 ரூபாய் கூடுதல் செஸ் வேறு; எல்லைக்கு இப்பாலுள்ள பெட்ரோல் பங்க்குகளில் கே.எல். வண்டிகள் நிற்பதைப் பார்த்தாலே தெரியும்.

ஃபைன் வரும். கேரளத்தில் 2023 ஜூன் 5 முதல் 726 கேமராக்கள் அபராதம் எழுத ஆரம்பித்தன. பக்கத்து சீட்டில் இருக்கிறவர் பெல்ட் போடவில்லை என்றாலும் 500. நம் மார்த்தாண்டத்து டி.என். 75 நம்பர் என்பதற்காகக் கேமரா கண்ணை மூடாது. ஆர்.சி.யில் உங்கள் பழைய போன் நம்பர் இருந்தால் தகவல் வராது, ஃபைன் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும்.

திருவனந்தபுரத்திலயே வீடு எடுக்கப் போறேன். டி.என். வண்டியை அங்க வச்சு ஓட்டலாமா?

பன்னிரண்டு மாதம் வரை ஓட்டலாம். ஒரு வண்டி வேறு மாநிலத்தில் அதற்கு மேல் தங்கினால் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு. மார்த்தாண்டம் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, அங்கே வரி, பிறகு இங்கே கட்டிய வரியில் மிச்சக் காலத்துக்குத் திருப்பிக் கேட்பது என்று மூன்று படி. மூன்றாம் படியில் பலர் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

வாரம்தோறும் ஊருக்கு வருகிறேன், வண்டி அங்கே தங்கவில்லை என்பவர் பெட்ரோல் பில், டோல் விவரம் ஏதாவது வைத்திருப்பது நல்லது. மத்திய, மாநில அரசு ஊழியர், ராணுவத்தினர், நாலு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகம் உள்ள கம்பெனி ஊழியர் என்றால் 2021-ல் வந்த பி.எச். நம்பர் தருகிறார்களா என்று ஆர்.டி.ஓ.வில் கேட்டுப் பார்க்கலாம்; கிடைத்தால் வரியை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கட்டினால் போதும், மாநிலம் மாறினால் நம்பர் மாற வேண்டாம்.

கேரளத்தில பழைய வண்டி நல்ல கண்டிஷன்ல குறைஞ்ச விலைக்குக் கிடைக்குதே?

ஏன் குறைந்தது என்று கேளுங்கள். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் முங்கிய வண்டிகளை நான் மறக்கவில்லை. சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்து அடிப்பக்கம் மண்கறை இருக்கிறதா என்று பாருங்கள். கார்ப்பெட்டைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். பழைய பாலிசியில் என்ன கிளெயிம் போட்டிருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

சுத்தமான வண்டி என்றாலும் என்.ஓ.சி., இங்கே வரி, நம்பர் மாற்றம் எல்லாம் உண்டு. முந்தைய பதிலைத் திருப்பிப் போட்டுப் படியுங்கள். விற்கிறவரின் நோ கிளெயிம் போனஸ், அதாவது கிளெயிம் கேட்காத வருடங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, வண்டியோடு வராது, அது ஆளோடு போவது. உங்கள் பேருக்கு மாற்றிய 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸையும் மாற்ற எழுதிக் கொடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டில கார் கேக்காங்க. பஸ்ஸில போறவனுக்குப் பொண்ணு குடுத்தேன்னு சொல்ல முடியுமா?

இது போக்குவரத்துக் கேள்வி இல்லை, ஆனால் என் மேசையில் அதிகம் வருவது இதுதான். கல்யாணம் முடிந்த வாரம் புது வண்டிக்கு பாலிசி எழுத வருவார்கள். பிரீமியம் மாமனார், சாவி மாப்பிள்ளை, இரண்டாவது வருடம் புதுப்பிக்கக் கூப்பிட்டால் யாரும் போனை எடுக்கமாட்டார்கள். வரதட்சணை 1961 முதல் குற்றம். அதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கொடுத்தே தீருவேன் என்கிறவருக்கு என்னால் முடிந்தது ஒன்று: ஆர்.சி., பாலிசி இரண்டும் மகள் பேரில் இருக்கட்டும்.

பஸ்ஸில் போகிற மாப்பிள்ளையைப் பற்றி: சீசன் எடுத்துப் போகிறவன் மாதம் இருபதாயிரம் மிச்சம் பிடிக்கிறான். அதை எந்தத் தரகரும் ஜாதகத்தோடு சேர்த்துச் சொல்வதில்லை.

காரை வித்து ஆறு மாசம் ஆச்சு. ஆனா கேமரா ஃபைன் எனக்கே வருது. என்ன செய்ய?

பேர் மாறவில்லை. பணத்தை வாங்கி, ஃபாரம் 29, 30-ல் கையெழுத்துப் போட்டுப் புரோக்கரிடம் கொடுத்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டீர்கள். ஆர்.டி.ஓ. பதிவில் யார் பேர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஃபைன் சின்ன விஷயம்; இன்ஷூரன்ஸ் இல்லாமல் அந்த வண்டி ஒருவரை இடித்தால் நஷ்டஈட்டு வழக்கும் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

விற்ற 14 நாளுக்குள் நீங்களே ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வேறு மாநிலத்துக்கு விற்றால் 45 நாள். இப்போது நேரம் தாண்டிவிட்டது என்றாலும் விற்ற ஒப்பந்தம், வாங்கியவர் ஆதார் நகல், பணம் வந்த பேங்க் விவரம் எடுத்துக்கொண்டு நாளைக்கே போங்கள். புரோக்கருக்கு இன்னொரு போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம். வரும்போது பாலிசி நகலையும் கொண்டுவாருங்கள். ஓடிய வருடங்களுக்கு உங்களுக்குச் சேர்ந்த நோ கிளெயிம் போனஸுக்கு ஒரு கடிதம் எழுதி வாங்கித் தருகிறேன். மூன்று வருடத்துக்குள் வேறு வண்டி வாங்கினால் அது உதவும்.